வாள்காரன் நெஞ்சில் கை வைத்த இடம்

நஜ்முதீனுக்குக் கோபம் வந்தால் முதலில் தொண்டை அடைத்துக்கொள்ளும். தொண்டையை வைத்துப் பிழைப்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேண்டாம். சிங்கப்பூருக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த லாயாங் லாயாங் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் மீரா சாகிபு ஒரு படக்கொட்டகை போட்டிருந்தார். அங்கே திரைக்குப் பக்கத்தில் முக்காலி மேல் நின்றுகொண்டு, ஊமைப்படத்துக்குத் தமிழில் கதை சொல்வதுதான் நஜ்முதீனின் வேலை.

நாகூரிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். குளுவாங்கில் தாய்மாமனின் துணிக்கடையில் மூன்று வருஷம் நின்றார். வாய் ஓயாது. வருகிறவர்கள் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். துணியை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். மாமன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, லாயாங் லாயாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மீரா சாகிபிடம் கொண்டுவந்து விட்டார். அங்கேயும் அதே கதைதான். ஆனால் மீரா சாகிபு சிங்கப்பூரிலிருந்து பழைய படக்கருவி ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து, அந்த வாய்க்கு ஒரு வேலை கிடைத்தது.

அந்த வேலையை நஜ்முதீன் விளையாட்டாகச் செய்யவில்லை. புதுப் படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கினால், அன்று பகலிலேயே கொட்டகையை இருட்டாக்கி, முதலாளியைக் கைப்பிடி சுற்றச் சொல்லி, ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவார். யார் நல்லவன், யார் கெட்டவன், யார் யாருக்கு என்ன உறவு என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார். இடையிடையே திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்துகள்தான் சிக்கல். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியவர் அவர். பாதியைப் படிப்பார், மீதியை ஆட்களின் முகத்தைப் பார்த்து ஊகிப்பார். இது ஊருக்கே தெரியும். யாரும் குறை சொன்னதில்லை.

1926ஆம் வருஷக் கடைசியில் பெய்த மழையில் வினை ஆரம்பித்தது. தண்டவாளம் பல இடங்களில் முழுகிப்போனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறவேண்டிய படப்பெட்டி மாறவில்லை. ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் முதலில் அரிசி வந்தது, மாவு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. படப்பெட்டிக்கு யார் அவசரப்படப் போகிறார்கள்? மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லாத தோட்டத்து ஜனங்களோ கொட்டகைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கையில் இருந்தவை இரண்டே படங்கள். ஒன்று குத்துச்சண்டைக்காரன் கதை. இன்னொன்று வாள்விளையாட்டுக்காரன் கதை. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பொங்கலுக்குள் ஆறு வாரம் ஆகிவிட்டது!

குத்துக்காரன் கதை எல்லாருக்கும் பிடித்தது. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றான் என்று அவன்மேல் பழி விழுகிறது. ஊரை விட்டு ஓடுகிறான். ரயில் கூரைமேல் சண்டை போடுகிறான், அருவியில் படகோடு விழுகிறான், கடைசியில் திரும்பி வந்து பழி போட்டவனை மேடையில் வைத்து அடித்து வீழ்த்துகிறான். கொட்டகையே எழுந்து நின்று கூச்சல் போடும்.

வாள்காரன் கதையில் கூச்சல் போட இடமில்லை. அவனும் கடல் கடந்து போகிறான், மதில் ஏறிக் குதிக்கிறான், கொள்ளைக்காரர்களை விரட்டுகிறான். ஆனால் கடைசியில் பெரிய பந்தயத்தில், வெற்றிக்கு ஒரே ஒரு தொடுதல் பாக்கி இருக்கும்போது, சட்டென்று நிற்கிறான். முகமூடியைக் கழற்றுகிறான். நெஞ்சில் கை வைத்து நடுவரிடம் ஏதோ சொல்கிறான். வாளைத் தாழ்த்திக்கொண்டு வெளியே நடந்துவிடுகிறான். அந்த இடத்தில் படச்சுருள் ஏற்கெனவே யாரோ அறுத்து ஒட்டியது. அவன் சொன்னதைக் காட்டும் எழுத்துப் பலகை ஒரு கண் சிமிட்டலில் மறைந்துவிடும்.

நஜ்முதீன் முதல் நாளே அதற்குப் பொருள் கண்டுவிட்டார். எதிராளியின் வாள்முனை அவன் நெஞ்சில் பட்டுவிட்டது. நடுவர் கவனிக்கவில்லை. சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. பட்டவனுக்கு மட்டும் தெரியும். அவனே ஒப்புக்கொண்டு தோற்றுப் போகிறான். இதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே இறங்கிவிடும். "கேளுங்க மக்களே! ஒருத்தர் கண்ணுலயும் படல. ஆனா எனக்குப் பட்டுச்சு, நான் தோத்துட்டேன்னு சொல்றான் பாருங்க!"

"ஏன் பாய், சும்மா இருந்திருக்கலாமே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்துவான். தினமும் யாராவது ஒருவன் கத்தினான்.

"முனை மழுங்கின வாளுதானே? அதுல பட்டா என்ன, படாட்டி என்ன?"

"அந்தக் குத்துக்காரனை இவன்கூட மோத விட்டா ஒரே குத்துதான்."

நஜ்முதீனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. குத்துக்காரன் படம் ஓடும் நாளில் அவரும் பதிலுக்குப் பதில் கொடுக்க ஆரம்பித்தார். கடைசி அடி விழும்போது எதிராளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான். ஆறு வாரம் பார்த்தவர் கண்ணிலிருந்து அது தப்புமா? "பாருங்க, திரும்பி நிக்கிறவனை அடிக்கிறான். இதுவா வீரம்? போன பேரை மீட்கறேன்னு இருக்கிற மானத்தையும் விட்டுட்டான். நேத்துப் பார்த்தீங்களே வாள்காரன், அவன் பேரு போனாலும் பரவாயில்லைன்னு மானத்தைக் காப்பாத்தினான்" என்றார்.

கூட்டம் விசிலடித்து அவரை அமுக்கிவிட்டது. படம் முடிந்ததும் மீரா சாகிபு கூப்பிட்டு விட்டார்.

"தம்பி, ஒனக்கு என்ன நோவு? சனங்க சந்தோசமா கத்துறாங்க. நீ ஏன் ஊடால பூந்து நியாயம் பேசுறே?"

"நானா," என்றார் நஜ்முதீன்; நாகூர்ப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கண்ணு முன்னால தப்பு நடக்குது. எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

"அவன் எங்கேயோ வெள்ளைக்காரன் நாட்டுல அடிச்சா ஒனக்கென்ன? வாள்காரனையும் செயிச்சுட்டான்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"வாளைத் தாழ்த்திக்கிட்டு வெளிய போறான் நானா! அதை எல்லாரும் பார்க்கிறாங்க. செயிச்சவன் அப்படியா போவான்?"

"வெத்தலை போடப் போறான்னு சொல்லு."

நஜ்முதீனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாள் காட்சியில் கரகரத்த குரலில்தான் பேச வேண்டியிருந்தது. வாள்காரன் அன்றும் தோற்றுத்தான் போனான்.

பொங்கல் வந்தது. நாலாங்கட்டைத் தோட்டத்துக்கும் புதுக்காட்டுத் தோட்டத்துக்கும் வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று விளையாட்டுப் போட்டி நடக்கும். கயிறு இழுப்பது, ஓட்டம், எல்லாம் முடிந்து கடைசியில் சிலம்பம். சிலம்பத்தில் ஜெயிக்கும் தோட்டத்துக்குத் துரை ஒரு கிடாய் கொடுப்பார். நாலாங்கட்டையின் சிலம்பக்காரன் காளியப்பன். பால்வெட்டுத் தொழிலாளி, முப்பது வயசு, வார்த்தைகளைக் கடன் வாங்கிப் பேசுகிறவன்போல் அளந்துதான் பேசுவான். கம்பெடுத்தால் அவனை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள். லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் காலையிலேயே மசாலா அரைத்து வைத்துவிட்டார்கள்.

நஜ்முதீன் போட்டிக்குப் போகவில்லை. அன்று பகல் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் சாலையில் இரைச்சல் கேட்டது. இருபது முப்பது பேர். முன்னால் ஒரு பெண், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்குள் நேராக நுழைந்தாள். காளியப்பனின் மனைவி செல்வராணி.

"எங்க பாய் அந்தக் கதை சொல்ற ஆளு?"

"நான்தாம்மா. என்ன விசயம்?"

"என்ன விசயமா? கிடா போச்சு! புதுக்காட்டுக்காரன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்! எங்க வீட்டுக்காரரு செயிக்கிற ஆட்டத்தைத் தோத்துட்டு நிக்கிறாரு. எல்லாம் உன்னாலதான்!"

நடந்தது இதுதான். கடைசிச் சுற்றில் இருவரும் ஆளுக்கு இரண்டு தொடுதல் வாங்கிச் சமமாக இருந்தார்கள். சுழன்று சுழன்று ஆடுகையில் புழுதி கிளம்பியது. காளியப்பன் எதிராளியின் கம்பைக் கையிலிருந்து தெறிக்கத் தட்டிவிட்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவராக இருந்த பெரிய கங்காணி காளியப்பன் கையைத் தூக்கப் போனார். அப்போது காளியப்பன் கம்பைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "கங்காணி, அதுக்கு முன்னால எனக்குப் பட்டுடுச்சு" என்றானாம்.

"நெஞ்சுல கை வச்சாரு பாய்! அச்சு அசலா அந்தப் படத்துல வர்ற வாள்காரன் மாதிரி!" என்றாள் செல்வராணி. "ஆறு வாரமா அதையே சொல்லிச் சொல்லி எங்க ஆளு மூளையைக் கெடுத்துட்டே. அரைச்ச மசாலாவை நான் என்ன பண்றது? உன் தலையில தேய்க்கவா?"

பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு வார்த்தை வீசினார்கள். ஒரு பக்கம் நஜ்முதீனுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. தன் வார்த்தையைக் கேட்டு ஒரு மனிதன் அப்படி நடந்துகொண்டானா! அந்தப் பெருமையை அனுபவிக்க விடாமல் இந்த ஜனங்கள் மசாலாவைப் பற்றிப் பேசுகிறார்களே என்ற எரிச்சல் மறுபக்கம். மீரா சாகிபு எழுந்து வந்து, எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினார். போகும்போதும் செல்வராணி திட்டிக்கொண்டேதான் போனாள்.

கூட்டத்தோடு வந்திருந்த தோட்டத்துக் கிராணி ஐயாசாமி மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர். நஜ்முதீனுக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாய், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த வாள்காரன் தனக்குப் பட்டுச்சுன்னு சொல்லல."

"அப்புறம்?"

"நெஞ்சு வலிக்குது, டாக்டரைக் கூப்பிடுங்கன்னு சொல்றான். எழுத்து சட்டுனு போயிடுது, ஆனா நான் படிச்சுட்டேன். அதுக்கு முன்னாடியே ஒரு எடத்துல டாக்டர் அவனை விளையாட வேணாம்னு சொல்லுவாரு. நீங்க அதைக் கல்யாணப் பேச்சுன்னு சொன்னீங்க."

"ஆறு வாரமா ஏன் கிராணியாரே சொல்லல?"

"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு" என்றார் ஐயாசாமி.

நஜ்முதீன் நம்ப மறுத்தார். ஐயாசாமியைக் கையோடு இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வெளிச்சம் போவதற்குள் சுருளை எடுத்து, அந்த இடம் வரை பிரித்து, வாசலில் நின்று வானத்துக்கு நேராகப் பிடித்தார். சின்னச் சின்னக் கட்டங்களில் எழுத்துகள் எறும்பு அளவுக்குத் தெரிந்தன. கிராணி விரல் வைத்துக் காட்டக் காட்ட இவரும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். நெஞ்சு. வலி. டாக்டர். மூன்றும் இருந்தன. மானமும் இல்லை, தொடுதலும் இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் அவரை மிகவும் வதைத்தது. ஐயாசாமி வாய் திறக்கமாட்டார். முதலாளிக்குக் கவலை இல்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பேசாமல் இருப்பது தப்பு என்றுதானே ஆறு வாரமாக முக்காலிமேல் ஏறி நின்று சொன்னோம்! ஒரு ஏழைத் தொழிலாளி தன் பொய்யை நம்பிக் கிடாயை விட்டுவிட்டு, பெண்டாட்டியிடமும் பேச்சு வாங்குகிறான். இவ்வளவும் ஒரு வெள்ளைக்காரனின் நெஞ்சு வலியால்.

அடுத்த நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். செம்மண் சாலை மழையில் குழைந்து கிடந்தது. ஒரு செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. மற்றொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழங்கால்வரை சிவந்திருந்தது. செல்வராணி அவரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காளியப்பன் வாசலில் உட்கார்ந்து பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க பாய். என்ன இவ்வளவு தூரம்?"

நஜ்முதீன் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "காளியப்பா, நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தப் படத்துல வாள்காரன் ஒப்புக்கிட்டுத் தோக்கல. அவனுக்கு நெஞ்சு வலி. இங்கிலீசு தெரியாம நானா சொன்னது அது. அதை நம்பி நீ கிடாயை விட்டுட்டே. என்னை மன்னிச்சுடணும்."

காளியப்பன் கத்தியை நிறுத்தி அவரைப் பார்த்தான். "எந்தப் படம் பாய்?"

"எந்தப் படமா! வாள்காரன் படம்! ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினோமே!"

"அதுவா. ஒரு தடவை வந்தேன். அன்னிக்குப் பகல் பூரா தண்ணி வடிய வாய்க்கால் வெட்டினோம். வெளக்கை அணைச்சதுமே தூங்கிட்டேன். முடிஞ்சப்பதான் இவ எழுப்புனா."

"அப்போ நெஞ்சுல கை வச்சது?"

"எங்க வாத்தியாரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. பட்டா நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும். சிலம்பத்துல அது வழக்கம். புதுக்காட்டுக்காரனும் முதல் சுத்துல ரெண்டு தடவை அப்படித்தான் சொன்னான். கேட்டுப் பாருங்க." காளியப்பன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். விலாவுக்குக் கீழே ஒரு நீலக் கோடு கன்றியிருந்தது. "பட்டுச்சு பாய். இந்தா இருக்கு. பட்டதைப் படலன்னு எப்படிச் சொல்றது? அதுக்குப் படமெல்லாம் எதுக்கு?"

நஜ்முதீனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இதை உன் பெண்சாதிகிட்டச் சொல்லக்கூடாதா? அவ வந்து முப்பது பேர் முன்னால என்னை நார் நாராக் கிழிச்சுட்டுப் போனாளே!"

"சொன்னேன் பாய். அவ கேக்கல."

மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாத்தியாரு சொன்னாராம் வாத்தியாரு! வாத்தியாரா வந்து கிடா வாங்கிக் குடுப்பாரு?"

காளியப்பன் சிரித்தான். நஜ்முதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே திரும்பி நடந்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். நஜ்முதீன் விடுகிற ஆள் இல்லை. அடுத்து வாள்காரன் படம் போட்ட அன்று அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மக்களே, இவ்வளவு நாளும் நான் தப்பாச் சொல்லிட்டேன். இவனுக்கு நெஞ்சு வலி. டாக்டரைக் கூப்பிடச் சொல்றான்" என்றார்.

பிடித்துக்கொண்டது பாருங்கள் கூச்சல்! "பொய் சொல்லாதே பாய்!" என்று ஒருவன். "வலி வந்தவனா இப்படி நிமிர்ந்து நடப்பான்?" என்று இன்னொருவன். ஏன் சும்மா இருக்கவில்லை என்று தினமும் கேட்ட அதே பின்வரிசைதான். நாலாங்கட்டை ஜனங்கள் இதற்குள் தங்கள் ஆளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிக்க ஆரம்பித்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் மேலே கேட்டது செல்வராணியின் குரல்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசனைக் காட்டிட்டு, நெஞ்சு வலின்னா சொல்றே? ஒழுங்காக் கதையைச் சொல்லு பாய்!"

"அலமாக்!" என்று மலாயில் அலறித் தலையில் அடித்துக்கொண்டார் மீரா சாகிபு. கைப்பிடியை விட்டதில் படம் நின்றுபோனது. திரையில் வாள்காரன் கை நெஞ்சில் இருக்க அப்படியே உறைந்து நின்றான். சூட்டில் சுருள் கருகும் நாற்றம் எழுந்தது. அவசரமாக விளக்கை மறைத்தார்கள். அந்த இடத்தில் முழங்கை நீளத்துக்குப் படம் எரிந்துபோனது. எழுத்துப் பலகையும் அதோடு போயிற்று. இனி அவன் என்ன சொன்னான் என்பதற்குச் சாட்சியே இல்லை.

"இப்ப சொல்லு தம்பி" என்றார் மீரா சாகிபு, கருகிய துண்டை அறுத்து வீசிக்கொண்டே. "என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா ஒன்னே ஒன்னு சொல்லு."

நஜ்முதீன் முக்காலியை விட்டு இறங்கி வெளியே போய் நின்றுகொண்டார். அன்றைக்கு மிச்சப் படத்தைக் கூட்டமே தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டு பார்த்து முடித்தது.

பிப்ரவரியில் புதுப் பெட்டி வந்தது. இரண்டு படங்களும் சிங்கப்பூருக்குத் திரும்பின. பேசும் படம் வரும்வரை இன்னும் ஐந்தாறு வருஷம் நஜ்முதீன் அதே முக்காலியில் நின்றார். தெரியாத இடம் வந்தால், "இங்க என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல, நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லும் புதுப் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. முதலாளிக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தபோது, கொட்டகையும் பிரிக்கப்பட்டது.

அப்புறம் கூலாய் என்ற ஊரின் சந்தையில் தைலம் விற்கிற ஒருவரிடம் கூவி விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். குரலுக்கு ஏற்ற வேலை. பத்தாம் நாளே அதுவும் போயிற்று. எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லச் சொன்னார் தைலக்காரர். இவர் சளிக்கு மட்டும் கேட்கும் என்று கூவிக்கொண்டிருந்தார். கடைசியில் அதே ஊரில் ஒரு துணிக்கடையில் ஒதுங்கினார். புடவையை விரித்துக் காட்டும்போதே எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று தானாகவே விரல் வைத்துச் சொல்லிவிடுவார். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். தோட்டத்துப் பெண்கள் மட்டும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், அவர் கை ஒழியும்வரை காத்திருந்து அவரிடமே வாங்கிக்கொண்டு போனார்கள்.